படர்தாமரைக் களிம்பு பூசிய முகம்: ஒரு முகப்பரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் வந்த ஓர் இளைஞரின் சிகிச்சைப் பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ அவர் வேலை பார்க்கும் இடத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். சிகிச்சை ஒருவழியாக நல்லபடி முடிந்தது. ஆனால் நடுவில் ஆறு வாரங்கள் வீணாயின. அந்த ஆறு வாரங்களுக்கு நோயாளியைவிட நானே அதிகம் பொறுப்பு என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

பின்னணி

அவருக்கு 21 வயது. தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்கு வந்து, பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச்சேலைப் பிரிவில் விற்பனையாளராக இருந்தார். கடைக்குப் பின்னாலேயே ஊழியர்களுக்கான விடுதி. அறைக்கு ஆறு பேர். காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறினால் இரவு பத்து மணிக்குத்தான் இறங்குவார். தினமும் முகச்சவரம் செய்தாக வேண்டும் என்பது கடையின் விதி.

பதினாறு வயதிலேயே அவருக்குப் பரு வந்துவிட்டது. அப்பாவுக்கும் இளவயதில் கடுமையான பரு இருந்திருக்கிறது. கன்னத்தில் இன்றும் குழிகள் உண்டு. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும்" என்று அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருப்பார். மகனும் தலைநிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். கண்ணாடிபோல் மின்னும் விளக்குகளுக்குக் கீழே நின்று சேலை விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளர்கள் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. ஒருநாள் தளப் பொறுப்பாளர், "தம்பி, முகத்தைக் கொஞ்சம் கவனிக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும்.

அதே சமயத்தில் அறையில் ஒருவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு டியூப் அறைக்குள் வந்தது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறியது. படர்தாமரையும் அப்படியே கைமாறியது. இவரும் தொடையில் பூசினார். அரிப்பு இரண்டே நாளில் அடங்கியது. "தொடைக்கே இவ்வளவு கேட்கிறது என்றால் முகத்துக்குக் கேட்காதா?" என்று இரவில் பருக்கள்மீது தடவிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் சிவப்பு வடிந்திருந்தது. ஒரு வாரத்தில் முகம் வெளுத்து வழவழப்பாகிவிட்டது. ஊருக்கு அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து அம்மா மகிழ்ந்துபோனார்.

என்னிடம் வந்தபோது அந்தக் களிம்பைப் பூசத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

முதல் நாள் பார்த்தது

செப்டம்பர் மாதம் நடுவில் வந்தார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது.

நெற்றியிலும் கன்னங்களிலும் தாடையிலும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே வயதில் இருப்பதுபோன்ற சிறு சிவப்புப் புடைப்புகள். சாதாரணப் பரு இப்படி வருவதில்லை. அதில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சீழ் வைத்தது, ஆறிக்கொண்டிருப்பது, தழும்பானது என எல்லாக் கட்டங்களும் ஒரே முகத்தில் கலந்து கிடக்கும். இங்கே சீருடை அணிந்த வரிசைபோல் எல்லாம் ஒன்றாக நின்றன. இந்தச் சீர்மையைக் கண்டால் வீக்கத்தைச் சட்டென்று அடக்கும் மருந்தான ஸ்டீராய்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தாடையோரத்தில் தோல் மெலிந்து, அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரிந்தன. வெயிலிலோ அடுப்பருகிலோ நின்றால் முகம் எரிகிறது என்றார். சவரக் கத்தி பட்ட இடமெல்லாம் கீறலாக இருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு ஆழமான கட்டிகள். அவை பழைய, உண்மையான பரு. நெற்றியில் முடி தொடங்கும் வரிசையை ஒட்டி வெண்புள்ளிகள் நெருங்கி இருந்தன; அதற்குக் காரணம் தலை எண்ணெய்.

"வேறு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை டாக்டர், ஒரு க்ரீம் மட்டும்" என்றார். பெயர் தெரியவில்லை. அறையில் இருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து டியூபைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னோம்.

அதில் ஒரு பூஞ்சை மருந்து, இரண்டு கிருமிக்கொல்லிகள், அவற்றோடு 0.05 சதவீதக் கிளோபெட்டசால் இருந்தது. பூசும் ஸ்டீராய்டுகளை வீரியப்படி ஏழு வகுப்பாகப் பிரிப்பார்கள். கிளோபெட்டசால் முதல் வகுப்பைச் சேர்ந்தது, எல்லாவற்றிலும் கடுமையானது. முகத்துக்கு இதை நாங்கள் எழுதவே மாட்டோம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு, ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விதி அப்படி இருக்க, இவர்கள் அறையில் எட்டு மாதத்தில் எத்தனை டியூப் தீர்ந்தது என்ற கணக்கே யாரிடமும் இல்லை.

அந்தக் களிம்பு படர்தாமரைக்காக வாங்கியது என்பதால் கன்னத்திலிருந்தும் தொடையிலிருந்தும் தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்நோக்கியில் பார்த்தேன். முகத்தில் பூஞ்சை இல்லை. தொடையில் இருந்தது; ஸ்டீராய்டு அதன் சிவப்பையும் அரிப்பையும் அடக்கி மறைத்துவிட்டு, பூஞ்சையை வசதியாகப் பரவ விட்டிருந்தது.

பருவுக்கும் ஸ்டீராய்டுக்கும் உள்ள உறவு

இதை அவருக்கு ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினேன். இங்கும் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து அதிகமாக எண்ணெய் சுரக்கின்றன. கூடவே மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. மெலனின் என்ற தோல் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும்தான் அந்த நிறம். எனவே சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. அடைபட்ட எண்ணெயில் வளரும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது. நாங்கள் படித்தபோது புரோப்பியோனிபாக்டீரியம் என்றார்கள். 2016-இல் பெயரைக் கியூட்டிபாக்டீரியம் என்று மாற்றிவிட்டார்கள். அதுவும் உடலின் எதிர்வினையும் சேர்ந்துதான் சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம். இதில் அப்பாவிடமிருந்து வரும் பங்கு பெரியது. "சூடு" என்று அம்மா சொல்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஸ்டீராய்டு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை, அதாவது வீக்கத்தை மட்டும், சட்டென்று அடக்குகிறது. அடைப்பையும் எண்ணெயையும் அது தொடுவதே இல்லை. மூன்றாம் நாளே முகம் தெளிந்ததற்கும், எட்டாம் மாதத்தில் இப்படி ஆனதற்கும் அதுவே காரணம். நாளாக ஆக மயிர்க்காலின் சுவர் பலவீனமாகி, இரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் அந்த மருந்து இல்லாமல் நிற்க முடியாத நிலைக்குப் போகிறது.

இடமும் முக்கியம். 1967-இல் ஃபெல்ட்மான், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்துக்கொண்டால் நெற்றியில் 6, தாடைக் கோணத்தில் 13, விதைப்பையில் 42. இந்த இளைஞர் பூசிய இடங்களை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தாடையில் ஏன் இரத்தக் குழாய்கள் தெரிந்தன என்று கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, சவரம் செய்த கையோடு பூசியிருக்கிறார்.

முதல் முடிவு, முதல் தவறு

அன்றே களிம்பை அடியோடு நிறுத்தச் சொன்னேன். முகத்துக்கு மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு, மென்மையான முகம் கழுவும் திரவம், டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி 100 மி.கி. மாத்திரை தினம் ஒன்று. தொடைக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பும் எழுதினேன். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

"நிறுத்தினால் கொஞ்சம் அதிகமாகும், பயப்படாதீர்கள்" என்றும் சொன்னேன். என் குறிப்பேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. எனவே சொல்லவில்லை என்று என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "கொஞ்சம்" என்பது எவ்வளவு, எந்த நாளில் தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும், அந்த நாட்களில் அவர் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. தீபாவளிக் கூட்டத்தில், பட்டுச்சேலைப் பிரிவில், விளக்குகளுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு அவர் சொன்னது இது. நிறுத்திய ஐந்தாம் நாள் முகம் எரியத் தொடங்கியது. எட்டாம் நாள் கன்னம் முழுதும் தக்காளிபோல் சிவந்து, சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "கூட்டம் முடியும்வரை கிடங்கில் நில்லு" என்று கீழே அனுப்பினார். கிடங்கில் ஊக்கத்தொகை கிடையாது. தீபாவளி மாதத்து ஊக்கத்தொகையை நம்பித்தான் தங்கையின் கல்லூரிக் கட்டணம் இருந்தது. பத்தாம் நாள் இரவு பழைய டியூபை எடுத்தார். இரண்டு நாளில் மாடிக்குத் திரும்பிவிட்டார்.

நான்காம் வாரம் அவர் வரவில்லை. எங்கள் தரப்பிலிருந்து யாரும் அழைத்துக் கேட்கவும் இல்லை.

தீபாவளிக்குப் பிறகு

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் வந்தார். "உங்கள் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்பதுதான் முதல் வாக்கியம். அவர் பார்த்த அளவில் அது முழு உண்மை. என் மருந்தைச் சாப்பிட்டபோது முகம் கெட்டது. அந்தக் களிம்பைப் பூசியபோது சரியானது. இந்தக் கணக்கை எதிர்த்து நான் என்ன பேசினாலும் வெறும் பேச்சாகத்தான் இருக்கும்.

அன்று அரைமணி நேரம் பேசினோம். இரண்டாம் திட்டத்தை அவருடைய வேலை நாட்காட்டியை வைத்தே போட்டோம். பொங்கல் விற்பனைக் கூட்டம் தொடங்க ஏறத்தாழ ஐந்து வாரம் இருந்தது. மோசமான நாட்கள் அதற்குள் கழிந்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாக இறக்கினேன். கிளோபெட்டசாலுக்குப் பதில் மிக மென்மையான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன்: ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் வாரம் இரண்டே முறை, பிறகு இல்லை. உடனே நிறுத்துவதே சரி என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஓய்வெடுக்க வசதி உள்ளவர்களுக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். இவருக்கு வசதி இல்லை. ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பை முதல் நாளிலிருந்தே சேர்த்தேன். அதுவும் முதல் சில நாள் எரியும். முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பூசினால் எரிச்சல் குறைவு.

டாக்சிசைக்ளினை மறுபடி தொடங்கினேன். முதல்முறை அதை இரவில் விழுங்கி உடனே படுத்திருக்கிறார். நெஞ்செரிச்சல் வந்து ஒரு வாரத்தில் விட்டுவிட்டார் என்பது இப்போதுதான் தெரிந்தது. அந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். காலை இட்லிக்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, என்று மாற்றினேன். எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் முடிவு செய்தேன்.

பொதுவாகப் பருவுக்குக் கிருமிக்கொல்லி கொடுக்கும்போது பென்சாயில் பெராக்சைடும் சேர்க்க வேண்டும். பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறுவதை அது தடுக்கும். இங்கே இரண்டு தடைகள். ஒன்று, அந்த மெலிந்த தோல் தாங்காது. இரண்டாவது, பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறை வெளுத்தால் பரவாயில்லை. விரலில் ஒட்டியது அரக்கு நிறப் பட்டுச்சேலையில் பட்டால் அந்தச் சேலை அவர் சம்பளத்தில் ஏறும். அதனால் மென்மையான அசெலாயிக் அமிலத்தை, ஹைட்ரோகார்ட்டிசோன் முடிந்த பிறகு சேர்த்தேன். பருவோடு, பரு விட்டுச்செல்லும் கருமையையும் அது குறைக்கும். இது பாடநூல் வரிசை அல்ல என்று தெரிந்தே செய்தேன்.

சவரத்துக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன்: மூன்று வாரம் கத்தி படக்கூடாது, டிரிம்மர் மட்டும். பொறுப்பாளர் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கே வியப்பு. தலை எண்ணெயை முழுதாக நிறுத்தச் சொன்னால் அம்மாவோடு சண்டை வரும். எனவே வாரம் ஒருமுறை, குளிப்பதற்கு முன் மட்டும் என்று சமரசம் செய்துகொண்டோம். உணவில் ஒன்றைத்தான் குறைக்கச் சொன்னேன். நாளைக்கு ஆறு முறை, மூன்று கரண்டிச் சர்க்கரையோடு குடித்த தேநீர்.

கடைசியாக ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன்: எந்த வாரம் சிவக்கும், எந்த வாரம் கொப்புளம் வரலாம், எந்த வாரத்திலிருந்து இறங்கும். ஐந்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் செவிலியர் தொலைபேசியில் அழைப்பார் என்றும் எழுதினேன்.

பிறகு நடந்தது

பன்னிரண்டாம் நாள் அழைத்தபோது முகம் சிவந்திருந்தது. "தாளில் எழுதியபடிதான் இருக்கிறது" என்றாராம். அந்த வாக்கியத்தைச் செவிலியர் அப்படியே கோப்பில் குறித்து வைத்திருக்கிறார்.

பொங்கலுக்கு முன்பே எரிச்சல் போய்விட்டது. ஒரே அளவிலான அந்தச் சிவப்புப் புடைப்புகள் ஜனவரி இறுதிக்குள் ஏறத்தாழ மறைந்தன. தொடையிலிருந்த படர்தாமரையும் தீர்ந்தது. அறையிலிருந்த இன்னும் இரண்டு பேரை அவரே அழைத்து வந்தார். அவர்களையும் சேர்த்துக் குணப்படுத்தாவிட்டால், ஒரே கொடியில் காயும் துண்டுகளில் பூஞ்சை சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்டீராய்டின் திரை விலகியதும் அடியிலிருந்த பழைய பரு வெளியே வந்தது. தாடையிலும் கழுத்திலும் ஆழமான கட்டிகள், இரண்டு இடத்தில் புதிய குழித் தழும்புகள். அப்பாவின் கன்னத்தில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்ததால் காத்திருக்க விரும்பவில்லை. ஐசோட்ரெட்டினாயின் என்று தீர்மானித்தோம். பருவின் நான்கு காரணங்களையும் ஒருசேரத் தொடும் மருந்து அது ஒன்றுதான். டாக்சிசைக்ளினை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. பூஞ்சை மாத்திரையும் முடிந்திருந்தது; கல்லீரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சுமை வேண்டாம்.

கர்ப்பிணிகள் உட்கொண்டால் கருவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து இது. நோயாளி பெண்ணாக இருந்திருந்தால் கர்ப்பப் பரிசோதனை, கருத்தடை என்று இந்த அத்தியாயம் வேறு மாதிரி போயிருக்கும். ஆணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: மருந்து எடுக்கும்போதும் முடித்த ஒரு மாதம் வரையிலும் இரத்த தானம் கூடாது. முதலாளியின் பிறந்தநாளுக்குக் கடையில் ஆண்டுதோறும் இரத்த தான முகாம் நடக்கும் என்று அவர் சொன்னபோதுதான், இதை வாய்மொழியாக மட்டும் சொல்லி விடக்கூடாது என்று உணர்ந்தேன். மாத்திரைச் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதினேன்.

எடை 58 கிலோ. முதல் நான்கு வாரம் தினம் 10 மி.கி., பிறகு ஏழு மாதம் 20 மி.கி. இது கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் இரவுச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டார். மொத்தம் சுமார் 4,500 மி.கி.; கிலோவுக்கு 77 மி.கி. பாடநூல்கள் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. வரை சொல்கின்றன. குறைந்த அளவில் பரு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று அவரிடம் சொன்னேன். வேகமாக ஏற்றினால் முகம் உரிந்து மறுபடி கிடங்குக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவர் மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்தார்.

உதடு வெடித்தது, நாள்முழுதும் பேசும் வேலை என்பதால் சட்டைப்பையிலேயே பெட்ரோலியம் ஜெல்லி வைத்திருந்தார். குளிரூட்டியின் வறட்சியில் இருமுறை மூக்கில் இரத்தம் கசிந்தது. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 112-இலிருந்து 148-க்கு ஏறி அங்கேயே நின்றது. மனச்சோர்வு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், இல்லை. அடுத்த தீபாவளிக் கூட்டம் சூடுபிடிப்பதற்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், மருந்து முடிந்தது.

இப்போது மாற்றிச் செய்பவை

புதிதாக முகப்பருவோடு வருபவர்களிடம் "என்ன பூசுகிறீர்கள்" என்று நான் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் எல்லாக் களிம்பையும், அடுத்தவருடையது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். பலருக்குக் களிம்பு மருந்தாகவே தோன்றுவதில்லை.

ஸ்டீராய்டை நிறுத்தும் தேதியை நோயாளியின் நாட்காட்டியைக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. தேர்வு, திருமணம், விற்பனைக்காலம் எது எப்போது என்று தெரிந்துகொண்ட பிறகே தொடங்குகிறேன். நிறுத்திய ஐந்தாம் நாள் தொலைபேசி அழைப்பு எங்கள் வழக்கமாகிவிட்டது. செவிலியருக்கு இதனால் வேலை கூடியிருக்கிறது. அவர் அதை எனக்கு நினைவூட்டத் தவறுவதும் இல்லை.

முதல் நாளிலேயே முகத்தைப் புகைப்படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்காததால், தாடையோரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் அந்தச் சிவப்பு நூல்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்து முடிந்த ஆறாம் மாதம் வந்தபோது புதிய பரு மூன்றுதான் இருந்தது. பருவுக்கான அடாபலீன் களிம்பை மட்டும் இரவில் தொடரச் சொன்னேன். தாடையைத் தொட்டுக் காட்டி, "இது போகுமா டாக்டர்?" என்று கேட்டார். சில மங்கும், சில நிற்கும் என்றேன். லேசருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு, தங்கையின் படிப்பு முடியட்டும் என்று கிளம்பினார்.